படத்தில் இருப்பவரின் இடப்பக்கம்

இதயப் படத்தில் இடதும் வலதும் மாறியிருக்கின்றன என்று யாரோ வலைப்பூவில் எழுதியிருந்தார். பாலக்கோட்டிலிருந்து திரும்பும் பேருந்திலேயே நவநீதன் படத்தைத் திறந்து பார்த்தான். மாறித்தான் இருந்தன. இடது ஆரிக்கிள் வலப்பக்கம் இருந்தது.

அறிவியல் ஆசிரியையான அவன் மனைவி பூவிழி வரைந்த படம். பாடப் படங்களைப் பெரிய எழுத்தில் வரைந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வலைப்பூவில் போடுவாள். போடுமுன் மடிக்கணினியைக் கூடத்தில் வைத்துவிட்டு, பி.காம். படித்த அவனைச் சமையலறை வாசலில் நிறுத்துவாள். "கடைசி பெஞ்சுக்குத் தெரியலன்னா அது படமில்ல, கோலம். படிங்க பி.காம்."

ஆடியில் காய்ச்சலில் போய்விட்டாள். வலைப்பூவில் மட்டும் அவன் அதைச் சொல்லவில்லை. அங்கே இன்னும் "பூவிழி மிஸ்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் பெயரிலேயே பதில் போட்டான். அந்தக் குரல்கள் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

படத்தைத் திருத்தி, "தவறுக்கு வருந்துகிறேன். பூவிழி" என்று எழுதினான்.

மறுநாள் அவளுடைய கைபேசி அடித்தது.

"மிஸ், மொரப்பூர் ஸ்கூல் டீச்சர் நிர்மலாதேவிங்க. படத்த ஏன் மாத்துனீங்க?"

"நான் அவங்க வூட்டுக்காரருங்க."

"அப்படிங்களா சார். படத்துல இருக்கறவரு நம்மளப் பாத்து நிக்கறாரு. அவரு இடது நமக்கு வலதாத்தான வரும்? இத எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே மிஸ்தாங்க. சித்த அவங்ககிட்ட குடுங்க, நல்லா கிண்டல் பண்றேன்."

"மாத்துனது நான்ங்க."

"நீங்களா? மிஸ் எங்க?"

"ஆடியில தவறிட்டாங்க."

அந்தப் பக்கம் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

"ஐப்பசியில எனக்குப் பதில் போட்டது?"

"நான்தாங்க."

"படத்த மட்டும் பழையபடி போட்டுருங்க சார்," என்றாள். "பசங்க அதப் பாத்துத்தான் படிக்கறாங்க."

பெயர்களைப் பழைய இடத்துக்கே நகர்த்தினான். வருத்தம் தெரிவித்த வரியை அழித்துவிட்டு, பூவிழி இறந்ததை எழுதி, கீழே தன் பெயரைப் போட்டான். வெளியிடுமுன் எழுந்துபோய்ச் சமையலறை வாசலில் நின்றான்.

கூடத்தின் அந்தக் கோடியில், மடிக்கணினித் திரையில் இதயம் அவனைப் பார்த்து நின்றது. அதன் இடப்பக்கம் அவன் வலது கைக்கு நேரே இருந்தது. எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. படிக்கும்படி யாரும் கேட்கவில்லை.

"இடது ஆரிக்கிள்," என்று சத்தமாகப் படித்தான்.