கோட்டுக்கு வெளியே

துரை உட்காரச் சொன்னார், கஜேந்திரன் உட்கார்ந்தான். இதே தேயிலைத் தோட்டத்து ஆபீசில் அவன் அப்பா கந்தப்பன் இத்தனை காலமும் சன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசியிருக்கிறார். மகன் நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போடலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டான். அந்த மட்டுக்குப் புத்தி இருந்தது. ஆனால் மழையில் லொறிப் பாதைச் சேற்றை மிதித்துக்கொண்டு டை கட்டி வந்திருந்தான். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பானாம். இவனுக்கு வாழ்வு இன்னும் வரவே இல்லை, குடை மட்டும் விரிந்துவிட்டது.

கொழும்பில் ஒரு கம்பனியில், ஊழியர்களின் போன்களையும் லெப்டொப்புகளையும் இருந்த இடத்திலிருந்தே பூட்டுவதும் திறப்பதும், அவை எங்கே இருக்கின்றன என்று பார்ப்பதும் அவன் வேலையாக இருந்தது. அதையே சொந்தத் தொழிலாகச் செய்யப் போகிறேன் என்று விட்டுவிட்டு ஹட்டனுக்கு வந்தான். பேக்கரிக்கு மேலே ஓர் அறை. கதவில் 'கஜன், ஆலோசகர்' என்று ஆங்கிலத்தில் பலகை. கந்தப்பன் மகன் கஜேந்திரன் என்றால் எடுப்பாக இருக்காதாம். படியேறி வந்தவர்களெல்லாம் ரீலோட் போடுவீங்களா, உடைந்த கண்ணாடி மாத்துவீங்களா என்று கேட்டார்கள். அவர்களைப் பார்த்து உதட்டைச் சுழித்தே மாதங்கள் போயின. அப்போதுதான் இந்தத் தோட்டத்தை நிர்வகிக்கப் புதிதாக வந்த துரை கூப்பிட்டார். கங்காணிமாருக்குக் கொடுக்கும் போன்களை இவன் பார்த்துக்கொள்ள வேண்டும். இது சரிவந்தால் கம்பனியின் மற்றத் தோட்டங்களும் கிடைக்கும். சரிவராவிட்டால் பலகையைக் கழற்றிக்கொண்டு கொழும்பு பஸ் ஏற வேண்டியதுதான்.

எந்த ஊர் என்று துரை கேட்டதற்கு, நுவரெலியாப் பக்கம் என்று சொல்லி வைத்தான். அன்றைக்கே அப்பா குடியிருக்கும் லயத்துக்குப் போய், "நான் ஆபீசுக்கு வந்தா தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கப்பா" என்றான். தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்குக் கங்காணியான கந்தப்பன், அதுவும் ஏதோ கொம்பியூட்டர் சட்டம் போலிருக்கிறது என்று தலையாட்டினார்.

"சரிப்பா. நீ நல்லா வரணும், அம்புட்டுதான்."

பெற்ற தகப்பனை மறைத்துத்தான் நல்லா வர வேண்டியிருந்தது இந்த மகராசனுக்கு.

இப்போது லெப்டொப்பைத் திறந்து துரையின் பக்கம் திருப்பினான். இன்று கவ்வாத்துத் தொடங்கும் பதினோராம் நம்பர் தேயிலை மலையைச் சுற்றி அவன் போட்ட சிவப்புக் கோடு தெரிந்தது. போன்கள் நேற்றே கங்காணிமாரின் கைக்குப் போய்விட்டன. ஒவ்வொன்றும் ஒரு நீலப் புள்ளியாகக் கோட்டுக்குள் நடமாட வேண்டும். ஒன்றுகூட உள்ளே இல்லை. எல்லாம் கோட்டுக்கு வெளியே, மலையின் மேல் மூலையில், ஒரே இடத்தில் குவிந்து அசையாமல் கிடந்தன.

துரை சிரித்தார். வந்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் இந்த ஆட்களை எனக்குத் தெரியும் என்று சொல்லப் பழகிவிட்டார். "தூங்குகிறார்கள், பார்த்தீர்களா? கூட்டமாகப் படுத்துத் தூங்குகிறார்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

கஜேந்திரனுக்குப் பார்த்த உடனேயே விளங்கிவிட்டது. அந்த மூலையில்தான் கவ்வாத்துச் சாமிக் கல். கவ்வாத்துத் தொடங்கும் நாளில் கத்திகளைத் தீட்டிக் கல்லின் முன் பரப்பி, சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்த பிறகுதான் முதல் தேயிலைச் செடியில் வெட்டு விழும். வேலைக்கென்று கைக்கு வந்தது எதுவானாலும் சாமி காலடியில் வைத்துத்தான் எடுப்பார்கள். போனையும் வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் அந்தத் தேங்காய்ச் சில்லுக்கு முண்டியடித்தவன்தான் இவனும். ஆனால் செட்டிலைட் படத்தில் கல் தெரியவில்லை. இவனும் அதை மறந்து இந்தப் பக்கமாகவே கோட்டை இழுத்துவிட்டான்.

சாமி கும்பிடுகிறார்கள் சேர், இப்போது வேலைக்கு இறங்கிவிடுவார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உனக்கெப்படித் தெரியும் என்று துரை கேட்பார்.

"எழுப்ப முடியுமா?"

"முடியும் சேர்."

எல்லாப் போன்களையும் பூட்டி, நிறுத்தாமல் அலறும்படி செய்தான். துரை சொல்லச் சொல்ல, வேலைக்குத் திரும்பு, கம்பனி உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினான். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இன்னொரு தரம் வேறு பார்த்துக்கொண்டான்.

சற்று நேரத்தில் மேசைமேல் அவன் போன் அதிர்ந்தது. அப்பா, தன் பழைய பட்டன் போனிலிருந்து. எடுங்கள் என்று துரை கைகாட்டினார்.

"தம்பி, கோவிச்சுக்காத, பேசக் கூடாதுன்னு சொன்ன. சாமி முன்னாடி வச்ச போனெல்லாம் ஒண்ணா கத்துது. நிப்பாட்டத் தெரியல. மொதத் தேங்காய ஒன் பேரச் சொல்லித்தான் ஒடச்சோம், ஒடச்ச கையோட இப்புடி ஆயிருச்சு. இங்கிலீசுல என்னமோ வருது. என்னப்பா எழுதியிருக்கு?"

கஜேந்திரன் துரையின் முகத்தைப் பார்த்தான்.

"ரோங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டான். அந்த அளவு இங்கிலீசு கந்தப்பனுக்கும் தெரியும்.

திரையில் புள்ளிகள் அசையத் தொடங்கின. துரை திருப்தியோடு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். ஆனால் புள்ளிகள் கோட்டுக்குள் போகவில்லை. மலையை விட்டு இறங்கி, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவைத் தாண்டி, லொறிப் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக ஆபீசை நோக்கி வந்தன.

"முன்னால் வருகிறானே, யார் அவன்?" என்று துரை கேட்டார்.

கஜேந்திரன் டையைத் தளர்த்தினான். சன்னலுக்கு வெளியே, மழைக்குள்ளிருந்து, போன்கள் அலறும் சத்தம் மெல்ல நெருங்கிக்கொண்டிருந்தது.