மூடியைத் திறந்தவள்

சல்மியா பானை மூடியைத் தூக்கியதும் கிரிசந்தாவின் சாப்பாட்டுக் கடையில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

மூடியைத் தூக்குவதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தத் துறைமுகத் தெருவில் எந்தக் கடைக்குப் போனாலும் வழக்கம் அதுதான். வாசலோரப் பலகையில் பானைகள் வரிசையாக மூடியிருக்கும். வருகிறவர்கள் ஒவ்வொரு மூடியாகத் தூக்கி, எட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, முகம் சுளித்து, கடைசியில் "இது" என்று விரலை நீட்டுவார்கள். ஜீப்னி என்கிற சவாரி வண்டி ஓட்டுகிறவர்கள் கிரீஸ் கையோடு தூக்குவார்கள். மூக்கைச் சிந்தின கையோடு தூக்குகிறவனைக்கூடக் கிரிசந்தா பார்த்தும் பார்க்காதது போல இருந்திருக்கிறாள். ஆனால் சல்மியா பஜாவ் பெண். கடலோரத்தில் கம்பு நட்டு, தண்ணீருக்கு மேல் குடிசை கட்டி வாழ்கிற சனம். அந்த ஊரில் அடங்காத பிள்ளையை அடக்க, "பஜாவ்கிட்டப் பிடிச்சுக் குடுத்துடுவேன்" என்று சொன்னால் போதும்.

"என்ன பண்றே நீ?" என்றாள் கிரிசந்தா.

"பன்றி போட்டிருக்கான்னு பாத்தேன், மனாங். நாங்க திங்க மாட்டோம்ல." மூத்த பெண்களை எல்லோரும் மனாங் என்றுதான் கூப்பிடுவார்கள். சல்மியாவும் மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். அப்புறம் சிரித்தாள். "திறந்து பாத்தா என் மீனு."

அது உண்மை. காலையில் பின்வாசலில் கிரிசந்தா வாங்கின மீன் சல்மியாவின் கூடை மீன்தான். வருஷக்கணக்காக அவள் மீன்தான் அந்தக் கடையின் குழம்பு. இன்றைக்கு விற்ற காசைக் கையில் வைத்துக்கொண்டு, கால் கடுக்கிறது, உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு தின்னலாம் என்று முன்வாசலுக்கு வந்திருந்தாள். முன்வாசலுக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

திபோ என்ற ஜீப்னிக்காரன் தட்டைத் தள்ளி வைத்தான். தெருவின் வண்டிக்காரர்களுக்கெல்லாம் அவன்தான் பெரிய குரல்.

"இனிமே கரண்டியையும் அவகிட்டயே குடுத்துடுங்க, மனாங். அவளே பரிமாறட்டும். நாங்க வேற கடை பாத்துக்கிறோம்."

மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகத் தட்டைத் தள்ளினார்கள். கிரிசந்தா அந்தத் தட்டுகளைப் பார்த்தாள். அந்த வண்டிக்காரர்கள் போனால் கடை போயிற்று. கணவன் டெல்ஃபின் இருமலை வைத்துக்கொண்டு வீட்டோடு கிடக்கிறான். யோசிக்க நேரமில்லை. துணியைச் சுற்றிப் பானையைத் தூக்கினாள், எல்லோரும் பார்க்க, வாசல் சாக்கடையில் கவிழ்த்தாள்.

சல்மியா தன் மீன் சாக்கடையில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை, சண்டை போடவில்லை. இடுப்பில் சேலை மாதிரி சுற்றியிருந்த துணியில் காசை முடிந்துகொண்டு போய்விட்டாள். மறுநாள் காலையில் வழக்கம்போலப் பின்வாசலில் கூடையோடு வந்து நின்றாள். கிரிசந்தாவும் வழக்கம்போல வாங்கினாள். இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் மீன் வாங்க முடியாது, மீன் விற்க முடியாது.

யார் போய்ச் சொன்னார்களோ, அந்த வாரமே நகராட்சியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். நல்ல மாதிரியான பெண். ஒரு தட்டு சோறு வாங்கிச் சாப்பிட்டு, காரம் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள். சாப்பாட்டுக் கடைக்கு வருகிற யாரையும் இன்ன சனம் என்பதற்காக இல்லையென்று அனுப்பக் கூடாது என்று புதிதாகச் சட்டம் வந்திருக்கிறதாம். குடித்துவிட்டு வந்து ரகளை செய்கிறவனை அனுப்பலாமாம். மீறினால் லைசன்சைப் புதுப்பிக்க மாட்டார்களாம்.

"என் கடை, என் அடுப்பு. யாருக்குப் போடணும்னு நான் சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள் கிரிசந்தா.

"கடை உங்களுதுதான். ஆனா தெருவைப் பாத்துக் கதவைத் திறந்து வச்சிட்டீங்களே, மனாங்."

அன்றிலிருந்து கிரிசந்தாவுக்கு நிலைகொள்ளவில்லை. துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தாள். பயறுக் கஞ்சிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுத் திபோவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். தெருமுனையில் தலையில் கூடை தெரிந்தால் முன்வாசலுக்கு வரக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள். வந்தால் என்ன செய்வது என்று டெல்ஃபினைக் கேட்டாள். அவன், சட்டம்னா சட்டம்தான் என்றான். வண்டிக்காரர்கள் போய்விட்டால் என்று கேட்டாள். அதுவும் கஷ்டம்தான் என்றான். அவனைக் கேட்டதற்குச் சுவரைக் கேட்டிருக்கலாம்.

கடைசியில் வழி அவளுக்கே தோன்றியது. தோன்றியதும் தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் சல்மியா மறுபடியும் முன்வாசலுக்கு வந்தாள். சட்டம் வந்த சேதி குடிசைகள் வரை போயிருந்தது. இந்தத் தடவை எந்த மூடியையும் தொடவில்லை. மீன் குழம்பும் சோறும் என்று வாயால் கேட்டாள். கிரிசந்தா ஒரு பிளாஸ்டிக் பையில் சோற்றைப் போட்டாள், இன்னொரு பையில் குழம்பை ஊற்றிக் கட்டினாள், இரண்டையும் கை நீட்டி வாசலுக்கு வெளியே கொடுத்தாள்.

"உக்காந்து சாப்பிடலாம்னு வந்தேன், மனாங். மழையா இருக்கு."

"தட்டு இல்ல."

கழுவின தட்டுகள் அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. சல்மியா அதைப் பார்த்தாள். பெஞ்சில் பாதி காலியாக இருந்ததையும் பார்த்தாள்.

"இல்லேன்னு சொல்லலியே. குடுத்துட்டேன்ல," என்றாள் கிரிசந்தா. குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. திபோ கையைத் தட்டிச் சிரித்தான். சட்டத்துக்குச் சட்டமும் ஆச்சு, சோத்துக்குச் சோறும் ஆச்சு, மனாங்கை நகராட்சிக்கே அனுப்பலாம் என்றான்.

சல்மியா காசைப் பலகைமேல் வைத்தாள். பைகளை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். கிரிசந்தா எட்டிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். எதிரே சரக்குக் கிட்டங்கிச் சுவரோரம் நின்றுகொண்டு, பையின் மூலையைப் பல்லால் கடித்து, சோற்றைப் பிதுக்கிப் பிதுக்கித் தின்றுகொண்டிருந்தாள். பசி அப்படி. மழைத் தண்ணீர் பைக்குள்ளும் போயிற்று. கிரிசந்தா உள்ளே வந்து மறுபடியும் மேசையைத் துடைத்தாள். வெட்கமாக இருந்தது. வெட்கமாக இருந்ததில் சல்மியாமேல்தான் கோபம் வந்தது.

மறுநாள் காலை பின்வாசலில் கூடை இறங்கியது. நல்ல கிளிமீன், பச்சையும் நீலமுமாக, வால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. கிரிசந்தா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குந்தினாள். வழக்கம்போலக் கை தானாகப் போய் ஒரு மீனின் செவுளைத் திறந்து சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்தது. அடுத்ததைத் திறந்தது.

சல்மியா அந்தக் கையை மெதுவாக எடுத்து வெளியே வைத்தாள். கூடைமேல் ஈரச் சாக்கை இழுத்து மூடினாள்.

"உங்களுக்கு இல்ல, மனாங்."

கிரிசந்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. யாராவது மொத்தமாகச் சொல்லி வைத்திருக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை என்றாள் சல்மியா. கூடுதல் காசு தருவதாகக் கிரிசந்தா சொன்னாள். அதற்கும் சல்மியா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பின்னால் டெல்ஃபின் இருமினான். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. மத்தியானம் மீன் இல்லாவிட்டால் வண்டிக்காரர்கள் அடுத்த கடை பெஞ்சுக்குத்தான் போவார்கள், அந்தத் தெருவில் வேறு யாரும் இவ்வளவு காலையில் உயிர் மீன் கொண்டு வருவதில்லை. கிரிசந்தாவுக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது.

"நான் ஆபீசுல போய்ச் சொல்லுவேன். காசு குடுத்துக் கேக்கிறவங்களை இல்லேன்னு அனுப்பக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, தெரியுமா?"

"தெரியும், மனாங்." சல்மியா சும்மாட்டைத் தலையில் வைத்துக் கூடையை ஏற்றிக்கொண்டாள். "அது லைசன்சு வச்சிருக்கிறவங்களுக்கு. சந்தையில ஒரு பலகை போட லைசன்சு வேணும்னு நானும் போய்க் கேட்டேன். அதே ஆபீசுதான். பஜாவுக்குக் கிடையாதுன்னு அனுப்பிட்டாங்க."

கிரிசந்தா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அதற்குள் சல்மியா சந்துமுனையைத் தாண்டி, அடுத்த கடையின் பின்வாசலில் மீன் மீன் என்று கூவத் தொடங்கியிருந்தாள்.