மாற்றிக்கொண்ட ஷிப்ட்

மண்ணெண்ணெய் வரிசையில் மலர்க்கொடிக்கு முன்னால் பதினொரு கேன்கள் இருந்தன. ஆட்கள் வேப்பமரத்தடியில் ஒதுங்கிக்கொண்டு, தங்களுக்குப் பதிலாகக் கேன்களைப் பங்குனி வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். மலர்க்கொடி மட்டும் தன் கேனுக்குப் பக்கத்திலேயே நின்றாள். போன மாதம் யாரோ அவள் கேனைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டதில், அவள் முறை வந்தபோது பீப்பாய் காலியாகியிருந்தது. அப்போதுதான் கலியம்மாள் வந்தாள். நீலப் புடவை, அதே நீலத்தில் ரவிக்கை, கழுத்தில் போட்டோ ஒட்டிய அட்டை. வரிசையின் கடைசிக்குப் போகத்தான் அவள் நடந்தாள். அதை மலர்க்கொடியும் பார்த்தாள், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் எண்ணெய் ஊற்றுகிற ஆள் விடவில்லை.

“அந்தம்மாவ முன்னால விடுங்கப்பா. எட்டரைக்குக் கம்பெனி பஸ்ஸு வந்துரும், டூட்டிக்குப் போவணுமில்ல.”

பதினொரு கேன்காரர்களில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் இதே ஆள் இதே இடத்தில், “கொளஞ்சியப்பன் வூட்டம்மாவ விடுங்க, அவரு ஷிப்ட் முடிஞ்சு வர்ற நேரம்” என்று சொன்னவன்தான். இப்போது அவனுக்கு மலர்க்கொடியின் முகமே மறந்துவிட்டது. பாவம், ஞாபகசக்தி அவ்வளவுதான்.

கேனை நிரப்பிக்கொண்டு திரும்பிய கலியம்மாள் அவள் பக்கத்தில் நின்றாள். “அக்கா, நாளைக்கு ஞாயித்துக்கெழம, லீவுதான். மத்தியானமா வூட்டுக்கு வரேன். ஒரு சேதி இருக்கு.”

“வா வா, வராம என்ன” என்றாள் மலர்க்கொடி வாயெல்லாம் பல்லாக. உள்ளே வயிறு எரிந்தது.

அவள் வயிற்றெரிச்சல் சாதாரண வயிற்றெரிச்சல் இல்லை. வேலை போன வீட்டுக்காரி, வேலை இருக்கிற வீட்டுக்காரியைப் பார்த்து எரிவது எந்த ஊரிலும் உள்ளதுதான். அதை நாலு பேரிடம் சொன்னால் நாலு பேரும் கூடச் சேர்ந்து ‘உச்’ கொட்டுவார்கள். மலர்க்கொடி எரிந்ததோ தாலியறுத்த ஒருத்தியைப் பார்த்து. அதை யாரிடம் போய்ச் சொல்வது? சாமியிடம்கூடச் சொல்ல முடியாது. ஏனென்றால் கலியம்மாளின் புருஷன் செத்த வாரமே, என் புருஷனைக் காப்பாற்றிக் கொடுத்தாயே தாயே என்று மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டவள் அவள்.

மலர்க்கொடியின் புருஷன் கொளஞ்சியப்பனும் கலியம்மாளின் புருஷன் அமாவாசையும் ஒரே நாளில் சிமெண்டு பேக்டரியில் சேர்ந்தவர்கள். பழைய சூளைப் பிரிவில் இருவருக்கும் பர்மனென்ட் ஆனதும் ஒரே நாளில். இரண்டரை வருடத்துக்கு முன்னால், ஓர் ஆவணி ஞாயிறன்று, திருமானூரில் கொளஞ்சியப்பனின் தங்கை அம்பிகா தன் மகளுக்குக் காது குத்து வைத்திருந்தாள். தாய்மாமன் மடியில் உட்காராமல் ஒரு பிள்ளைக்குக் காது குத்திவிட்டால் அந்தப் பேச்சு அது கல்யாணம் வரைக்கும் வரும். அன்றைக்குப் பார்த்து அவனுக்கு மத்தியான ஷிப்ட். சூப்பர்வைசர் லீவு தரமாட்டேன் என்றார். வேறொருத்தனோடு ஷிப்டை மாற்றிக்கொண்டு, இரண்டு பேரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். அமாவாசையிடம் கேட்கக் கொளஞ்சியப்பன் கூச்சப்பட்டான். அதற்கு முந்தின மாதம்தான் ஒரு முறை மாற்றியிருந்தார்கள். மலர்க்கொடிதான் நாலு முருங்கைக்காயைக் கையில் எடுத்துக்கொண்டு கலியம்மாள் வீட்டுக்குப் போய், “அண்ணன ஒரு ஷிப்ட் மாத்திக்கச் சொல்லு கலியம்மா, அப்பறம் இவரு ஒன்னு செஞ்சு குடுத்துருவாரு” என்றாள். “அதுக்கென்னக்கா, நா சொல்லிக்கிறேன்” என்று கலியம்மாள் அடுப்படியிலிருந்தே சொல்லிவிட்டாள்.

திருமானூரில் பிள்ளை அழுது ஓய்ந்து, பந்தி முடிந்து, கொளஞ்சியப்பன் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பேக்டரியில் அவன் ஷிப்டில் நின்று, ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடந்த சரக்கை அள்ளக் குனிந்த அமாவாசையின் துண்டை உருளை பிடித்து இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. கலியம்மாளைக் கட்டிக்கொண்டு மலர்க்கொடி அழுத அழுகையில் பொய் ஒரு சொட்டுக் கிடையாது. சங்கத்து ஆட்கள் கேட்டில் உட்கார்ந்து வாதாடி வாரிசு வேலை வாங்கிக் கொடுத்தார்கள். கலியம்மாளுக்கு ஆபீசில் டீ கொடுக்கிற, பைல் தூக்குகிற வேலை. அதற்கு யூனிபாரம் நீலப் புடவை. தாலியறுத்தவள் கலர்ப் புடவை கட்டுகிறாளே என்று முணுமுணுத்தவர்கள், கம்பெனி கொடுத்த கலர் என்றதும் அடங்கிப்போனார்கள். மலர்க்கொடிகூட அப்போது அவளுக்காகத்தான் பரிந்து பேசினாள்.

பிறகு சிமெண்டு விலை விழுந்தது. பழைய சூளை நிலக்கரியை அதிகம் தின்கிறது என்று போன ஐப்பசியில் அதை நிறுத்தினார்கள். கேட்டில் எழுபத்து நாலு பேர் கொண்ட பட்டியலை ஒட்டினார்கள். அதில் கொளஞ்சியப்பன் பெயர் இருந்தது. வாரிசு வேலைக்காரர்களைத் தொடக்கூடாது என்று ஒப்பந்தம் இருந்ததால் கலியம்மாள் பெயர் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்திய கொளஞ்சியப்பன் சிரிக்கப் பார்த்தான். அரியலூரை மாவட்டமாக்கி, பலகை மாட்டி, ஒன்றேகால் வருடத்தில் கலைத்துப் பெரம்பலூரோடு மறுபடி சேர்த்திருந்ததைச் சொல்லி, “ஒரு மாவட்டத்தையே வேலைய வுட்டு அனுப்பிட்டாங்க, நாம என்ன பெரிய இவங்களா” என்றான். மலர்க்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பட்டியலுக்குப் பிறகுதான் அவளுக்குள் அந்த நினைப்பு வந்து உட்கார்ந்தது. முதலில் சும்மா எட்டிப் பார்த்தது. அவள் துரத்திவிட்டாள். பிறகு கருவேலம் வெட்டப் போன கொளஞ்சியப்பன் முள் குத்திய காலோடு நொண்டிக்கொண்டு வந்த நாளில், முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து அதன் ஓட்டு எண்ணெய் பட்டுத் தன் விரல் நுனியெல்லாம் தோலுரிந்த நாளில், ஒன்பதாவது படிக்கிற மகள் செருப்பறுந்து வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போன நாளில், அது உரிமையோடு வந்தது. செத்துப்போன அமாவாசை வீட்டில் வேலை இருக்கிறது. உயிரோடிருக்கிற கொளஞ்சியப்பன் வீட்டில் வேலை இல்லை. அது எங்கள் ஷிப்ட். எங்களுக்கு வந்த சாவு, தபால்காரன் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போன கடிதம் மாதிரி, கலியம்மாள் வீட்டுக்குப் போய்விட்டது. அதோடு சேர்ந்து வேலையும் அங்கேயே போய்விட்டது.

நினைத்த மாத்திரத்தில் மலர்க்கொடி கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அன்றைக்கு முழுவதும் புருஷனுக்கு ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவாள். மறுநாள் எட்டரை பஸ் ஹாரன் அடித்தால் மறுபடியும் அதே நினைப்பு.

இதில் கொளஞ்சியப்பன் வேறு, திருப்பிச் செய்ய வேண்டிய அந்த ஒரு ஷிப்டை ஆயுசுக்கும் செய்து தீர்ப்பது என்று முடிவு கட்டியவனைப் போல, கலியம்மாள் வீட்டுக் கீற்றை மாற்றுவதும் பைப்பைச் சரிபார்ப்பதுமாகக் கிடந்தான். ஊரில் ஒன்றிரண்டு பேர் அதைக் கண்ணைச் சிமிட்டிச் சொன்னார்கள். மலர்க்கொடிக்கு அந்தச் சந்தேகம் துளியும் இல்லை. இருந்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம், ஊரே அவள் பக்கம் நின்றிருக்கும்.

ஞாயிறு மத்தியானம் சொன்னபடி கலியம்மாள் வந்தாள். வீட்டில் கட்டுகிற பழைய வெள்ளைப் புடவையில் வந்ததே மலர்க்கொடிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கொளஞ்சியப்பன் வாசலில் குந்தி அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். மலர்க்கொடியின் முன்னால் குவிந்து கிடந்த முந்திரிக்கொட்டையில் ஒன்றை எடுத்து, கூப்பிடாமலே உட்கார்ந்து, பழைய பழக்கத்தில் கலியம்மாளும் தட்டி உடைத்தாள்.

“எங்க கேண்டீன்ல பாத்திரம் கழுவ ஒரு ஆளு வேணுங்கிறாங்கக்கா. காண்ட்ராக்ட்டுதான், ஆனா மாசாமாசம் ஒழுங்கா வந்துரும். மேனேஜர் சார்கிட்ட ஒம்பேரச் சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கே கூட்டியாரச் சொல்லிட்டாரு.”

“நல்லதாப் போச்சு தங்கச்சி” என்றான் கொளஞ்சியப்பன் வாசலிலிருந்து. “இந்தக் கொட்டைய ஒடச்சு இவ கையி பொத்துக் கெடக்கு. போ மலரு.”

நல்ல சேதிதான். அவள் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டிய சேதி. மகளுக்குச் செருப்பு, பரீட்சை பீஸ், அடுப்புக்கு எண்ணெய் எல்லாம் அந்த ஒரு சேதிக்குள் இருந்தன. ஆனால் ‘எங்க கேண்டீன்’ என்ற வார்த்தையை மலர்க்கொடியால் தாண்ட முடியவில்லை. கொளஞ்சியப்பன் ஒன்பது வருடம் டீ குடித்த கேண்டீன். அங்கே கலியம்மாள் தட்டில் ஏந்திப் போகிற டம்ளர்களைப் பின்னால் உட்கார்ந்து இவள் கழுவ வேண்டும்.

“கம்பெனி என்ன ஒங்கப்பன் வூட்டுச் சீதனமா கலியம்மா, எனக்கு அள்ளிக் குடுக்க வந்துட்ட?”

கலியம்மாள் நிமிர்ந்தாள். “என்னக்கா இப்பிடிப் பேசுற?”

“வேற எப்பிடிப் பேசணும்? எட்டாவது பெயிலானவ பைலு தூக்குவ. பத்தாவது பாஸ் பண்ணவ ஒனக்குப் பாத்திரம் கழுவணும்.”

“ஏய் மலரு, சும்மா இரு” என்றான் கொளஞ்சியப்பன்.

“நீங்க சும்மா இருங்க. அன்னைக்கு அது யாரு ஷிப்ட்டு? இவரு ஷிப்ட்டு. நா வந்து கேக்கலன்னா ஒனக்கு ஏதுடி இந்த நீலப்பொடவ, ஏது இந்த பஸ்ஸு? அது எங்க வூட்டுச் சாவு. எங்க வூட்டுக்கு வர வேண்டியது.”

வாசலில் அரிவாள் தீட்டுகிற சத்தம் நின்றது. தான் சொன்னது மலர்க்கொடியின் காதிலேயே அப்போதுதான் விழுந்தது. கொட்டை தட்டுகிற கட்டையைக் கீழே வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

கலியம்மாள் அழவில்லை. மடியில் கிடந்த ஓடுகளைத் தட்டிவிட்டாள்.

“நா காலைல பஸ்ஸுக்கு நிக்கிறப்ப அண்ணன் இந்த வாசல்ல நின்னு பல்லு தேய்க்கும். தெனம் பாப்பேன். காறித் துப்பும், மூஞ்ச கழுவும், துண்ட எங்கடி வச்சேன்னு ஒன்னயப் போட்டுக் கத்தும். பஸ்ஸுல ஏறி உக்காந்த பொறவும் திரும்பிப் பாப்பேன். வேற மாதிரி நெனச்சுக்காத. காலைல எந்திரிச்சுப் பல்லு தேய்க்கிற ஒரு ஆம்பள. அவ்வளவுதான்.” எழுந்து நின்றாள். “நீ மட்டுந்தான் எரியிறேன்னு நெனச்சியாக்கா?”



நிலைப்படியைத் தாண்டிய கலியம்மாள், முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். “மேனேஜர்கிட்ட சொன்னது சொன்னதுதான். நாளைக்கு எட்டரைக்கு பஸ்ஸு. வர்றதும் வராததும் ஒன் இஷ்டம்.”

கொளஞ்சியப்பன் அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். கத்தியிருந்தால் அவளும் திருப்பிக் கத்தியிருப்பாள். கை ஓங்கியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டது மட்டும்தான் நடந்தது. சோற்றைப் போட்டு, கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றிவிட்டு, மலர்க்கொடி அவனுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

“கோவத்துல வாயில வந்துருச்சுங்க. மனசுல வச்சுக்காதீங்க.”

அவன் சோற்றைப் பிசைந்தான். வெகுநேரம் பிசைந்தான்.

“எனக்கும் அப்பிடித் தோணியிருக்கு” என்றான்.

“என்ன தோணியிருக்கு?”

“லிஸ்ட்ட ஒட்டுன அன்னைக்கு. எம்பேரப் பாத்துட்டு சைக்கிள மிதிச்சுக்கிட்டு வரேன், அமாவாச குடுத்து வச்சவன்டான்னு தோணுச்சு. வேலையில இருக்கும்போதே போய்ச் சேந்துட்டான். வூட்டுக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போயிட்டான். நா இருந்து என்னத்தப் பண்ணேன்?”

“அய்யோ, பேசாமச் சாப்புடுங்க.”

“இல்ல மலரு, நெசமாத்தான் சொல்றேன்.” அவளை அண்ணாந்து பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அவளைக் கொஞ்சம் பெருமையாகப் பார்ப்பது போலக்கூட இருந்தது. “நீ பத்தாவது பாஸு. கம்பெனிக்காரன் ஒனக்கு டீ குடுக்கிற வேலையா குடுத்துருப்பான்? டேபிளு போட்டு உக்கார வச்சிருப்பான்.”

சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவனுக்குச் சோறு புரையேறியது. கண் பிதுங்க இருமினான். மலர்க்கொடி சொம்பை அவன் வாயில் வைத்து, மறுகையால் உச்சந்தலையில் தட்டினாள். எப்போதும் தட்டும்போது, யாரோ உங்களை நினைக்கிறார்கள் என்று சொல்வாள். இன்றைக்குச் சொல்லவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

“போதும், போதும். நின்னுருச்சு” என்றான் அவன்.

தட்டுவதை நிறுத்தினாள். கையை எடுக்கவில்லை. வாசல் வெயிலில் காய்ந்திருந்த தலை, முடிக்கு அடியில் இன்னும் சுட்டது. அவன் குனிந்து அடுத்த கவளத்தை எடுத்து வாயில் போட்டான். அவள் கை மெல்லக் காதோரம் இறங்கியது. அவன் சோற்றை மென்று மென்று விழுங்க, நெற்றிப்பொட்டு எழும்பி எழும்பி அடங்குவது அவள் விரல்களுக்குத் தெரிந்தது.