இடதுகால் பிரேக்

காலை ஏழு மணியிலிருந்து ரெக்சன் பட்டறை வாசலில் ஊன்றுகோலோடு நின்றான். உள்ளே, புதிதாகச் சேர்ந்த சுந்தரராஜ் அறுபது வருஷத்து இங்கிலாந்து பைக்கைச் செருப்புக்காலால் உதைத்து உதைத்து ஓய்ந்துபோயிருந்தான். வண்டி தும்மியதே தவிர எழும்பவில்லை. வாடகைக்கு எடுத்துக் கன்னியாகுமரி போக வந்த சென்னைக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

அந்த வண்டியின் ருசி ரெக்சனுக்குத் தெரியும். நிமிர்ந்து உட்கார்ந்து நாற்பதில் போனால் போதும்; நாள் முழுக்க ஓட்டினாலும் இடுப்பு நோகாது. உப்பளக் காற்று முகத்தில் அடிக்க, எஞ்சின் துடிப்பு தொடை வழியாக நெஞ்சுக்கு ஏறும். பதினாறு வருஷம் இந்தப் பட்டறையின் பழைய இங்கிலாந்து வண்டிகளையே ஓட்டிப் பழகிய பாதங்கள் அவனுக்கு: வலதில் கியர், இடதில் பிரேக்.

அந்தப் பழக்கம்தான் கெடுத்தது. ஆடி மாதம் முதலாளி விஜயராஜ் சாமான் வாங்கிவரத் தன் புது பைக்கைக் கொடுத்தனுப்பினார். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரி குறுக்கே திரும்பியது. ரெக்சன் இடதுகாலால் ஓங்கி மிதித்தான். புது வண்டியில் அங்கே இருந்தது கியர்; பிரேக் வலதில். வலதுகால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

"ஏலே ரெக்சன், இங்கன வா. இத மட்டும் எழுப்பிக் குடு. வேலையப் பத்திப் பொறவு பேசுவோம்," என்றார் விஜயராஜ்.

நாலு மாதமாக அந்தப் பேச்சுக்காகத்தான் வந்து நிற்கிறான். வண்டியின் வலப்பக்கம் போய், செயற்கைக்காலில் எடையைப் போட்டு, கிக்கரை நல்ல காலால் மெல்ல அழுத்தினான்.

"பாத்துக்க, சுந்தரராஜு. அமுக்குறப்ப கெட்டியா வார எடத்துல நிறுத்தணும். கொஞ்சம் தாண்டவிட்டு, பொறவு மிதி."

ஒரே உதை. வண்டி எழும்பியது. வெட்டுப்பட்ட இடம் நெருப்பாக எரிந்தும், அந்த ஒரு கணம் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"இந்தச் சத்தத்துக்குத்தாண்ணா இவ்ளோ தூரம் வர்றோம்," என்றான் ஒரு சென்னைக்காரன்.

விஜயராஜ் எஞ்சினை அணைத்தார். "சுந்தரராஜு, இப்ப நீ எழுப்பு."

சுந்தரராஜ் நிறுத்தினான், தாண்டவிட்டான், மிதித்தான். எழும்பிவிட்டது. சென்னைக்காரர்கள் திருச்செந்தூர் சாலையில் ஏறிப் போனார்கள்.

"அண்ணாச்சி, வேல..."

"தப்புக்கால மிதிச்சது நீதானல. நான் என்ன செய்ய? அவன்தான் படிச்சுட்டான்லா."

ரெக்சன் ஊன்றுகோலை எடுத்தான்.

"செருப்போட ஒதைக்காத, சுந்தரராஜு. பெஞ்சுக்கடியில இவன் ஷூ கெடக்கு, போட்டுக்க," என்றார் விஜயராஜ்.

சுந்தரராஜ் யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்து வலது ஷூவுக்குள் காலை நுழைத்தான். அதன் அடியில், பதினாறு வருஷம் கிக்கர் பட்ட இடம், விரல் அகலத்துக்குத் தேய்ந்து குழிந்திருந்தது.