கட்டத்துக்கு வெளியே ஒரு வரி

மாணவிகளின் கட்டுரைகளைத் திருத்த உட்காரும்போதெல்லாம், செவிலியர் கல்லூரி ஆசிரியை முதலில் மதிப்பெண் அட்டவணையை எதிரே விரித்துவைப்பார். நோயாளியின் நிலை, பராமரிப்புத் திட்டம், மேற்கோள், நடை என்று நான்கு கட்டங்கள். கட்டத்துக்கு ஐந்து மதிப்பெண். அவற்றில் அடங்காதது அவர் கண்ணில் படாது. வலையில் சிக்காத மீன் கடலிலேயே இல்லை என்று சாதித்தானாம் ஒரு வலைஞன். அவனுக்கு இவர் உடன்பிறப்பு. மாணவிகள் வைத்த பெயர் "சிவப்புப் பேனா".

சென்ற வாரம், வாயாடி என்று பெயரெடுத்த மாணவி ஏழாம் படுக்கைப் பெரியவரைப் பற்றி எழுதியிருந்தாள். கடைசி வரி இது: "மாத்திரையை வாயில் போடுகிறார், விழுங்குவதாகத் தெரியவில்லை. 'இன்னும் கொஞ்சம் சேரட்டும்' என்று சிரிக்கிறார்." அது எந்தக் கட்டத்திலும் உட்காரவில்லை. "தேவையற்றது" என்று அடித்து, இரண்டு மதிப்பெண் குறைத்து, திருத்தி எழுதச் சொன்னார் ஆசிரியை.

இன்று புதிய தாள் வந்தது. அப்பழுக்கில்லை. இருபதுக்கு இருபது போடப்போன பேனா பாதியில் நின்றது. "மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்கிறார்" என்றிருந்தது. சென்ற வாரம் தாம் அடித்த வரி நினைவுக்கு வந்தது. வாயாடியை அழைத்தார்.

"பெரியவர் மாத்திரை முழுங்குறதைப் பார்த்தியா?"

"இல்ல மேடம்."

"பின்னே ஏன் இப்படி எழுதினே?"

"இப்படி எழுதினாத்தானே மார்க்கு?"

"வார்டு சிஸ்டர்கிட்டயாவது சொன்னியா?"

"நீங்களே தேவையில்லைன்னு அடிச்சுட்டீங்க. அவங்ககிட்டயும் போய் வாங்கிக் கட்டிக்கணுமா?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "மேடம்... நேத்து அவர், 'சேர்ந்தாச்சும்மா'ன்னார்."

இருவரும் ஓடினார்கள். ஏழாம் படுக்கை காலி. போர்வை மூலை பிசகாமல் மடித்திருந்தது. கைக்கடிகாரமும் மூக்குக்கண்ணாடியும் யாரிடமோ ஒப்படைக்க வைத்தவைபோல் மேசைமேல் கிடந்தன. குளியலறை உள்ளே தாழிட்டிருந்தது. தண்ணீர் விழும் ஓசை.

"ஐயா, திறங்க!"

ஓசை நின்றது. வாயாடி கதவருகே குனிந்தாள்.

"தாத்தா, உங்க வாயாடி வந்திருக்கேன். திறக்கமாட்டீங்களா?"

நெடுநேரம் கழித்துத் தாழ் நகர்ந்தது. ஒரு கையில் டம்ளர். மறு கையில் முடிச்சவிழாத கைக்குட்டை.

"கொஞ்சம் முந்திக்கிட்டியேம்மா" என்றார் பெரியவர். முகத்தில் சிரிப்பில்லை. கைக்குட்டையை வாயாடியிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் வகுப்பில் ஆசிரியை பழைய தாளை உயர்த்திக் காட்டினார். "தப்பு இவளுது இல்ல, என்னுது. மன்னிச்சிடும்மா." அடித்த வரியைத் தம் கையாலேயே மீண்டும் எழுதி, குறைத்த மதிப்பெண்ணைக் கூட்டினார். அட்டவணையில் தலைப்பில்லாத ஐந்தாம் கட்டம் ஒன்றை வரைந்தார்.

பிறகு ஏழாம் படுக்கையருகே நாற்காலியை இழுத்துப் போட்டார். பேனா வகுப்பு மேசையிலேயே கிடந்தது.

"சொல்லுங்க ஐயா. கேக்கிறேன்."