வேர்ச்சொல் தெரிந்த வீடு

லாரி ஆபீஸில் புக்கிங் பார்க்கும் தலை நரைத்த தம்பி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அக்காவின் சில்லிட்ட காலில் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தான். ஊசி போட வந்த நர்ஸிடம் அவள், "மஸில்னா லத்தீன்ல சுண்டெலிம்மா. பாத்துக் குத்து, ஓடிடப் போகுது" என்றாள். நர்ஸ் சிரித்துவிட்டுப் போனாள். அவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அச்சகத்தில் பிழை திருத்தியே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் அக்கா. யாரும் சீண்டாத ஆங்கிலச் சொற்களாகப் பொறுக்கி வருவாள். அவன் வேர் சொல்ல வேண்டும். டிசாஸ்டருக்குள் ஒரு கெட்ட நட்சத்திரம் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்த அன்று இருவரும் சாப்பாட்டையே மறந்தார்கள். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத அந்த இரண்டு பேர் வீட்டில் சண்டையும் சமாதானமும் இதை வைத்துத்தான். மற்றதைப் பேச இருவருக்குமே நாக்கு எழாது.

காலையில் டாக்டர் அவனை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இனி வைத்தியம் பலிக்காது, பேலியேட்டிவ் வார்டுக்கு மாற்றிவிடலாம், நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றிருந்தார். அவன் இன்னும் சொல்லவில்லை. சரியாக இருந்த காலுறையைத் திரும்பத் திரும்ப இழுத்துவிட்டான்.

"டேய், டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சு. பேலியேட்டிவ்னா என்ன?"

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. வழக்கமான விளையாட்டுதானே. "பேலியம். லத்தீன்ல மேலங்கி. போர்த்தி மூடுறது" என்று மளமளவென்று ஒப்பித்தான்.

"அது நான் உனக்குச் சொன்னதுடா. எனக்கு என்ன ஆகப்போகுதுன்னு கேட்டேன்."

அவன் சன்னலைப் பார்த்தான். அவள் விடுவதாக இல்லை.

"சரியாகாதுக்கா" என்றான். "வலி தெரியாம பாத்துக்குவாங்க. அவ்ளோதான்."

"பயமா இருக்குடா."

இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை. கட்டிலில் உட்காரக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. உட்கார்ந்து அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டான். எலும்பும் தோலுமாக இருந்தாள். வார்டு மாற்ற ஆள் வருவதற்குள், சாயங்காலம், அவன் தோளிலேயே அவள் மூச்சு அடங்கியது.

அழுது முகம் கழுவிய பிறகு சித்திக்குப் போன் போட்டான். சித்தி துணி தைத்துக்கொண்டே பேசுகிறவள், மெஷின் கடகடத்தது. இன்னைக்கு எப்படி இருக்கா என்று கேட்டாள். காலமானாள், கண் மூடினாள், போய்ச் சேர்ந்தாள் என்று நாசூக்காகச் சொல்ல அவனிடம் எத்தனையோ சொற்கள் இருந்தன.

"அக்கா செத்துட்டா சித்தி."

மெஷின் நின்றது.