இளையதன் வயது

ஜாக்கியின் வண்டி திங்கட்கிழமை முதலே சரிவின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. திராட்சைக் கொடிகளை வேரோடு பெயர்த்தெடுப்பதற்கென்று செய்யப்பட்ட இரும்புக் கொக்கிகள் அதன் முன்புறத்தில் வளைந்து தொங்கின. அந்தக் குளிர்காலத்தில் ஷாரான்த்து நதியின் இரு கரைகளிலும் அவ்வண்டிக்குக் கிடைத்த வேலை வேறெந்த வண்டிக்கும் கிடைக்கவில்லை. கடல் கடந்த நாடுகளில் கொன்யாக் என்னும் திராட்சைச் சாராயத்தின் விற்பனை சரிந்ததும், பெரிய நிறுவனங்கள் விவசாயிகளோடு செய்திருந்த ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டன. யாரும் வாங்காத திராட்சையை வளர்ப்பதினும் பிடுங்கிவிடுவதே மேல் என்று அரசாங்கமே உதவித்தொகை அறிவித்திருந்தது.

ஒதில் கரந்தோவும் அந்த உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தாள். எனினும் ஜாக்கியிடம் வியாழக்கிழமை வரை பொறுக்கச் சொல்லியிருந்தாள். அன்று திருமதி ரிவோ வருவதாக இருந்தது.

திருமதி ரிவோ, மூன்று தலைமுறைகளாகக் கரந்தோ குடும்பத்தின் சாராயத்தை வாங்கிவந்த நிறுவனத்தின் தலைமைக் கலவையாளர். எந்தப் பீப்பாயை எதனோடு சேர்ப்பது என்பதை அங்கே முடிவு செய்வது அவருடைய மூக்குதான். சென்ற மாதம் அவர் தொலைபேசியில் கூறியது ஒதிலுக்கு மனப்பாடமாகியிருந்தது.

"இந்த வருஷம் கொஞ்சம் பேரத்தான் வச்சுக்கப் போறாங்க ஒதில். எங்க உசத்திக் கலவைக்கு ரொம்பப் பழசு யாரு தர்றாங்களோ அவங்கள மட்டும். உங்க அப்பாவோட பீப்பாய் நான் நெனைக்கிற மாதிரி இருந்துச்சுன்னா, உங்க கொடிய யாரும் தொட மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

அந்தப் பீப்பாய், ஒதிலின் தம்பி ஃபப்ரீஸ் பிறந்த குளிர்காலத்தில் தந்தை நிரப்பியது. செம்புக் கொதிகலனில் இருமுறை வடித்த சாராயத்தை ஓக் மரத்துக்குள் ஊற்றி, ஆற்றை ஒட்டிய தாழ்ந்த கிடங்கில் கிடத்தியிருந்தார். ஈரமான கிடங்கில் நீர் தங்கிவிடும். சாராயத்தின் வீரியமே காற்றோடு போகும். ஆண்டுகள் செல்லச்செல்லச் சுவை மென்மையடையும், வலிமை குறைந்துகொண்டே வரும். வலிமை நூற்றுக்கு நாற்பது பாகைக்குக் கீழே இறங்கியதைப் புட்டியில் அடைத்துக் கொன்யாக் என்று விற்கச் சட்டம் இடந்தராது. ஆதலால் வலிமை நாற்பதை நெருங்கும்போது அதைப் பிரம்பு பின்னிய கண்ணாடிக் குடுவைகளுக்கு மாற்றிவிடுவது அப்பகுதியின் வழக்கம். கண்ணாடிக்குள் வலிமை குறையாது. ஆனால் வயதும் அதோடு நின்றுவிடும்.

பத்து ஆண்டுகளுக்கு முன்பே திருமதி ரிவோ அவ்வாறு மாற்றிவிடும்படி அறிவுறுத்தியிருந்தார். ஒதில் இசையவில்லை.

"கண்ணாடியில போட்டா வயசு நின்னு போயிடும் மேடம். அது மரத்துலயே அம்பது வருஷத்தத் தொடட்டும்" என்று அப்போது அவள் சொன்னாள். ஐம்பது ஆண்டையும் தொட்டாயிற்று. சென்ற இலையுதிர் காலத்தில் அளந்தபோது சாராயமானி நாற்பதுக்கு மேல் மயிரிழை அளவே நின்றது. அதன்பின் அவள் அதை அளக்கவில்லை. யாரிடமும் அது பற்றிப் பேசவுமில்லை. ஒருநாள் இரவு உணவின்போது ஃபப்ரீஸ் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஒதில், அந்த நாப்பது விஷயத்த மேடமுக்கே ஃபோன் பண்ணிக் கேட்டா என்ன?"

"எதுக்கு? 'அன்னைக்கே சொன்னேனே'ன்னு அவங்க வாயால கேக்கணுமா உனக்கு? பேசாம சாப்பிடு."

அவன் ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் தோய்த்தான்.

வியாழக்கிழமை காலையில் ஜாக்கி தன் வண்டியின் படியில் அமர்ந்து, ரொட்டிமேல் பன்றிக் கொழுப்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

"என்ன ஒதில், வண்டிய ஸ்டார்ட் பண்ணவா, இல்ல வீட்டுக்குப் போயி சமைக்க நத்தை பொறுக்கவா?"

"மழையே இல்ல, நத்தைக்கு எங்க போவ? உக்காரு."

"உக்காந்துதானே இருக்கேன், நாலு நாளா. என் பொண்டாட்டி என்னை வேலைய விட்டுத் தூக்கிட்டாங்கன்னு நெனச்சுட்டா."

"உன்னை வேலைக்கு வச்சதே அவதானே" என்று ஒதில் கூறிக்கொண்டே சென்றாள். தன் குரல் இயல்பாக ஒலித்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

திருமதி ரிவோ பத்து மணிக்கு வந்து சேர்ந்தார். சிறிய உருவம், வாசனைத் திரவியம் எதுவும் பூசாத கழுத்து, மழைக்கோட்டு. ஒதில் நீட்டிய காபியை மறுத்துவிட்டார்.

"அப்புறம் குடிக்கிறேன். இப்போ மூக்கு வேலைக்கு வந்திருக்கு. ஃபப்ரீஸ், எப்படி இருக்கீங்க? இளைச்சுட்டீங்க."

"இருக்கேன் மேடம்" என்றான் ஃபப்ரீஸ். அன்று காலை அவன் கிடங்கை இருமுறை பெருக்கியிருந்தான். அவனுடைய கைகள் நிலைகொள்ளாமல் சட்டைப்பைக்குள் செல்வதும் வெளியே வருவதுமாக இருந்தன.

கிடங்கின் சுவர்களில், ஆவியாகிப் போகும் சாராயத்தை உண்டு வளரும் கரும்பூஞ்சை கம்பளிபோல் படர்ந்திருந்தது. ஃபப்ரீஸ் பீப்பாயின் மரமூடியைத் தட்டித் தளர்த்தி எடுத்தான். நீண்ட கண்ணாடிக் குழாயை உள்ளே இறக்கி, பெருவிரலால் மேல்முனையை மூடி வெளியே எடுத்து, உயரமான குவளையில் நிரப்பினான். திருமதி ரிவோ மானியை அதில் மிதக்கவிட்டார்; பக்கத்தில் வெப்பமானியையும் இறக்கிப் பார்த்துக் கணக்கிட்டார்.

"நாப்பத்தொன்னரைக்கு மேலயே இருக்கே" என்றார். "பரவாயில்லையே. நான் இத விட மோசமா இருக்கும்னு பயந்துக்கிட்டு வந்தேன்."

ஒதிலின் நெஞ்சில் ஒரு கணம் மகிழ்ச்சி எழுந்தது. மறுகணமே அது உறைந்தது. ஈரக் கிடங்கில் வலிமை ஏறாது. இறங்கும், அல்லது சில காலம் நிற்கும். தானாக ஏறியதாக அந்த வட்டாரத்தில் ஒருவரும் சொன்னதில்லை. அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பீப்பாயின் இரும்புப் பட்டையை உற்றுநோக்கிக்கொண்டிருந்தான்.

திருமதி ரிவோ சிறிது சாராயத்தை வாய் குறுகிய கிண்ணத்தில் ஊற்றிக் கண்களை மூடி முகர்ந்தார். அவர் முகம் மலர்ந்தது. பழைய அக்ரூட்டுப் பருப்பு, காளான், உலர்ந்த அத்திப்பழம் எனத் தமக்குள் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தவர் சட்டென நின்றார். மீண்டும் முகர்ந்தார். பின்னர் ஒரு துளியை நாவில் வைத்து, நெடுநேரம் வாயில் அடக்கிவிட்டு, மண்தரையில் உமிழ்ந்தார்.

"பேரிக்காய் வாசனை வருது" என்றார் மெல்ல. "பச்சைப் பேரிக்காய். பழசுல இது வராது. ஃபப்ரீஸ், இதுல என்ன ஊத்தினீங்க?"

"ஒரு வாளி."

"என்ன வாளி?"

"புதுச் சாராயம். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வடிச்சது. நம்ம கொடிதான், நம்ம கலன்தான். வேற ஒரு சொட்டு கிடையாது மேடம்."

ஒரு கலவையில் எது மிக இளையதோ, அதன் வயதே முழுக் கலவையின் வயது. மரத்தில் ஈராண்டு கிடந்தது வி.எஸ். என்ற தரம்; நான்காண்டு கிடந்தது வி.எஸ்.ஓ.பி.; பத்தாண்டு கிடந்ததே எக்ஸ்.ஓ. ஐம்பது ஆண்டுகள் கிடந்ததில் இந்தக் குளிர்காலத்தில் வடித்ததை ஒரு வாளி ஊற்றினால், அது இந்தக் குளிர்காலத்துச் சாராயம். கொன்யாக் என்ற பெயருக்கே இன்னும் ஈராண்டு காத்திருக்க வேண்டும். இது அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சட்டம்.

"தெரிஞ்சேதான் செஞ்சியா?" என்று ஒதில் கேட்டாள்.

"அளந்து பாத்தேன். முப்பத்தொம்பதரைக்குப் போயிடுச்சு. மேடம் வர்றாங்கன்னு நீ பதறிக்கிட்டு இருக்க. நாப்பதுக்குக் கீழ போனா எல்லாம் போச்சுன்னு நீதானே நான் சின்னப் பையனா இருக்கறப்பலேர்ந்து சொல்ற? அம்பது வருஷத்துல ஒரு வாளி, மூக்குக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

"என் மூக்குக்கா?" என்றார் திருமதி ரிவோ.

"யாரு மூக்குக்கும்." அவன் தலை நிமிர்ந்தான். "மேடம், நீங்க சொல்லலைன்னா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே. இத எடுத்துட்டுப் போயி எங்க பழசோட கலந்தா, அதுவும் உங்க வாளி வயசுக்கு வந்துடும். ஒரு பெரிய தொட்டி ஃபப்ரீஸ். அதுல எனக்கு முன்னாடி மூணு பேர் வேலை பாத்திருக்காங்க. அத நான் எப்படிச் செய்வேன், சொல்லுங்க."

"காத்திருந்தா?" என்றாள் ஒதில்.

"மேல காஞ்ச கிடங்குக்கு மாத்தி வைங்க, அங்க வீரியம் இறங்காது. பத்து வருஷத்துல எக்ஸ்.ஓ. ஆயிடும். அப்போ வேற யாராவது வந்து பாப்பாங்க."

ஒதில் கேட்க விரும்பாத கேள்வி ஒன்று எஞ்சியிருந்தது. ஆயினும் அதைக் கேட்காமல் அந்தக் கிடங்கைவிட்டு வெளியேற அவளால் இயலவில்லை.

"அவன் ஊத்தாமலே இருந்திருந்தா? முப்பத்தொம்பதரையிலயே இருந்திருந்தா?"

திருமதி ரிவோ மானியைத் துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"சொல்லுங்க மேடம்."

"வாங்கியிருப்பேன்" என்றார் அவர். "நான் இத அப்படியே புட்டியில அடைக்கவா கேட்டேன்? கலக்கத்தானே கேட்டேன். எங்ககிட்ட இதவிட வலுவான பழசு இருக்கு, அதோட சேந்தா நாப்பதத் தாண்டிடும். முப்பத்தெட்டுல இருந்தாலும் வாங்கியிருப்பேன். ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே ஒதில்."

ஃபப்ரீஸ் அக்காளைப் பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே மரமூடியைக் கையிலெடுத்து, அதிலிருந்த தூசியை ஊதினான்; பின்பு பீப்பாயில் வைத்து உள்ளங்கையால் தட்டி இறுக்கினான். அந்த ஓசை கிடங்கெங்கும் எதிரொலித்தது.

"நான்தான் வேணாம்னேன்" என்றாள் ஒதில். "அவன் கேட்டான். நான்தான் பண்ண விடல."

திருமதி ரிவோ அவள் தோளைத் தொட்டார். காபியை நினைவூட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருடைய கார் சரளைக் கற்களின்மேல் பின்னோக்கி நகர்ந்து, திரும்பி, சாலையை அடைந்து மறைந்தது.

அக்காளும் தம்பியும் முற்றத்தில் நின்றனர். எதிரே பிப்ரவரி வெயிலில் சரிவு முழுவதும் கொடிகள் இலையின்றி வரிசை வரிசையாக நின்றன. கீழ்ப்பாதியில் ஃபப்ரீஸ் கிளை நறுக்கும் வேலையை முடித்திருந்தான். மேற்பாதி இன்னும் கலைந்த தலைபோல் கிடந்தது.

"கீழ்ப்பாதிய வீணா நறுக்கினேன்" என்றான் அவன்.

"திட்டணும்னா திட்டிடு ஃபப்ரீஸ்."

"யாரை?"

ஜாக்கி அவர்களை நோக்கி நடந்து வந்தான். இருவர் முகத்தையும் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். வேடிக்கையாகச் சொல்ல எண்ணியிருந்த எதையோ அவன் விழுங்கியது தெரிந்தது.

"எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கட்டும்?" என்றான்.

"ரோட்டுப் பக்கத்துலேர்ந்து" என்றாள் ஒதில். "வீட்டுக்கிட்ட இருக்கறது கடைசியா போகட்டும். ரெண்டு நாளாவது ஜன்னல்லேர்ந்து பாக்கலாம்."

"வேணாம்" என்றான் ஃபப்ரீஸ். "வீட்டுப் பக்கத்துலேர்ந்தே ஆரம்பி ஜாக்கி. ரெண்டு நாள் அதப் பாத்துக்கிட்டே இருக்க என்னால முடியாது."

ஜாக்கி ஒதிலைப் பார்த்தான். நிலம் அவள் பெயரில் இருந்தது. சொல்ல வேண்டியவள் அவள்.

"அவன் சொல்ற மாதிரியே செய்" என்றாள்.